முட்டியில் கட்டிய சிவப்பு ரிப்பன்

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற வருஷம் பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் அவள். இன்றைக்கு அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. "மேடம், புது ரூம் ஒண்ணு போட்டிருக்கோம். நீங்க வந்து பாத்தே ஆகணுங்க" என்றாள். ஓய்வு பெற்றவர்களை விழாவுக்குக் கூப்பிட்டு மாலை போடுவார்கள். வேலை நடக்கும் இடத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

நான்கு மூலையிலும் கேமரா. தரையில் எடை பார்க்கும் பலகை. விளையாட்டு வீரர்களின் காலில் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி, ஒரு மேடையிலிருந்து குதித்து இறங்கச் சொல்கிறார்கள். எதிரே திரையில் கோடுகளால் ஆன ஓர் ஆள் குதிக்கிறான். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சரிந்தால் அந்தக் கோடு சிவப்பாகிறது. நேராக நின்றால் பச்சை.

"எனக்கும் ஒட்டு" என்றேன். நிவேதா தயங்கினாள். இந்த வயதில் விழுந்து வைத்தால் அவள்தானே பதில் சொல்ல வேண்டும்! ஒரு படி உயரம் போதும் என்று சமாதானம் சொல்லி ஏறி இறங்கினேன். சிவப்பு. முப்பத்திரண்டு வருஷம் ஊரார் முட்டியையெல்லாம் திருத்தியவளின் லட்சணம் இது. அங்கே நின்ற சின்னப் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நானே முதலில் சிரித்துவிட்டேன், பாவம் அவர்கள் எவ்வளவு நேரம்தான் அடக்குவார்கள்.

"இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி மேடம் பாத்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரிப்பன் கட்டிப் பாத்தோம்" என்றேன். தலையில் கட்டுகிற ரிப்பன்தான் என்றதும் யாரும் நம்பவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதியிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, "கைகால் புடிச்சுவிடற வேலைக்கா நாலு வருசம் படிக்கிறே?" என்று கேட்ட உறவுக்காரர்கள், பிறகு இடுப்புவலி வந்ததும் வரிசையாக வந்து நின்றார்கள். கல்லூரியில் எங்களுக்குக் காட்டிய எலும்புக்கூடு ஓர் ஆணுடையது. பாடப்புத்தகத்தில் ஓடுகிறவன், தாண்டுகிறவன், பாரம் தூக்குகிறவன் எல்லாம் ஆண். நாங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஒருத்திக்கும் அது கண்ணில் படவில்லை.

பிறகு கோயமுத்தூரில் இந்த எலும்பு ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பெரிய டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆள் ஒன்றும் பெரிய உருவமில்லை, ஐந்தரை அடி இருந்தால் அதிகம். பத்து வயதுப் பையனிடம்கூட "வாங்க, உக்காருங்க, எப்ப விழுந்தீங்க?" என்றுதான் பேசுவார். அவர் கோபத்தை நாங்கள் கண்டுபிடித்தது அந்த 'ங்க' குறையும்போது. "என்னங்க இது" என்றால் சாதாரணம். "என்ன இது" என்றால் அன்றைக்கு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும்.

முட்டியில் அடிபட்டு ஒருவர் வந்தால், பெரிய டாக்டர் முதலில் தொடுவது அடிபடாத முட்டியை. இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வார். நல்ல காலை லேசாக மடித்து, ஒரு கையால் தொடையைப் பிடித்து, இன்னொரு கையால் கெண்டைக்கால் பக்கம் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பார். உள்ளே எலும்புகளைப் பிணைத்திருக்கும் ஜவ்வு நன்றாக இருந்தால் ஓர் இடத்தில் டக்கென்று நிற்கும். அந்த நிற்கிற இடத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் அடிபட்ட காலுக்கு வருவார். "இவருக்கு எது சரின்னு தெரியாம எது தப்புன்னு எப்படிங்க சொல்றது?" என்பார். ஸ்கேன் படம் வரும்வரை கிழிந்துவிட்டது என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார். "பாத்துக்கலாங்க" என்பார். அதைக் கேட்டுத் தைரியமாகப் போனவர்களும் உண்டு, பயந்து போனவர்களும் உண்டு.

ஆபரேஷன் முடிந்து ஏழெட்டு மாதம் என்னிடம் பயிற்சி. மறுபடி ஆட அனுப்பும் முன் ஒரு சோதனை. தையற்காரர் டேப்பால் இரண்டு தொடையின் சுற்றளவையும் அளப்பேன். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறது என்று பார்ப்பேன். ஆபரேஷன் செய்த கால், நல்ல கால் தாண்டும் தூரத்தைக் கிட்டத்தட்ட எட்ட வேண்டும். எட்டினால் என் கையெழுத்து. அதற்குக் கீழே பெரிய டாக்டர் "ஆடலாம்" என்று தமிழில் எழுதுவார். அந்த ஒரு சொல்லுக்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்பனா மேட்டுப்பாளையத்துப் பெண். வாலிபால். பந்தை அடிக்க எழும்பினால் வலைக்கு மேலே இடுப்பு தெரியும் என்று அவள் தோழிகள் அளந்துவிடுவார்கள். இடது முட்டியின் ஜவ்வு அறுந்து வந்தாள். எட்டு மாதம், வாரம் மூன்று நாள், ஒரு நாள் தவறாமல் பஸ் ஏறி வந்தாள். சோதனையில் ஆண்பிள்ளைகள் அளவுக்குத் தாண்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். பெரிய டாக்டர் "ஆடலாம்" எழுதினார். கல்பனா எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாவது மாதம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை வலது கால். அடித்துவிட்டு இறங்கும்போது யாரும் தொடவில்லையாம், இடிக்கவில்லையாம். இறங்கியதும் உள்ளே ஏதோ தெறித்த சத்தம் கேட்டதாம். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏனுங்க மேடம், இது நல்ல காலுங்களே?" என்றாள்.

பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ள எப்படிங்க எறங்குச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு தூரம் தாண்டினாள் என்று சென்டிமீட்டர் கணக்கில் என்னிடம் இருந்தது. எப்படி இறங்கினாள் என்று ஒரு வரிகூட இல்லை.

கல்பனாவின் தோழி ஒருத்தி அந்த ஆட்டத்தைப் போனில் பிடித்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். தொளதொள டிராக் பேன்ட். ஏறுகிறாள், அடிக்கிறாள், இறங்குகிறாள், விழுகிறாள். அந்தப் பேன்ட்டுக்குள் முட்டி என்ன செய்தது என்று நூறு தடவை பார்த்தாலும் தெரியாது. ஆண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் ஆடுவார்கள், முட்டி தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிப் பெண்கள் முட்டியை மைதானத்திலும் பார்க்க முடியாது, எங்கள் பயிற்சிக் கூடத்திலும் பார்க்க முடியாது. கட்டிலில் படுக்க வைத்துத் திரை போட்டுத்தான் பார்ப்போம். படுத்திருக்கிற முட்டி எங்கே போய் இறங்கப் போகிறது?

அதன்பிறகு எல்லோரும் இறங்குவதையே பார்க்க ஆரம்பித்தேன். கண்ணால் முடியாதபோது காதால் கேட்டேன். சிலர் இறங்கினால் தரையில் சத்தமே இருக்காது. சிலர் இறங்கினால் தொப்பென்று ஜன்னல்கூட அதிரும். பையன்களிலும் அப்படி இறங்குகிறவர்கள் உண்டு. ஆனால் பெண்களில் மிக அதிகம். நேராக நிமிர்ந்து, கால் விறைத்து, மொத்த எடையையும் முட்டியில் வாங்கினார்கள்.

குதித்து ஆடும் ஆட்டங்களில் பெண்களுக்கு இந்த ஜவ்வு அதிகம் அறுபடுகிறது என்று அப்போது எங்கள் கருத்தரங்குகளில் பேச ஆரம்பித்திருந்தார்கள். இடுப்பு அகலம் என்றார்கள், சுரப்பிகள் என்றார்கள், பின்தொடைக்கும் முன்தொடைக்கும் பலம் ஒத்துப்போகவில்லை என்றார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பெண் உடம்பே இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பலர் டீ குடிக்கப் போனார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். இடுப்பை என்னால் மாற்ற முடியாது. இறங்குவதை மாற்றலாமே! நம் பக்கத்துப் பையன் ஐந்து வயதில் மதில்மேல் ஏறிக் குதிக்கிறான், பத்து வயதில் கிணற்று மேட்டிலிருந்து குதிக்கிறான். எப்படி இறங்கினால் வலிக்காது என்று உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது. பெண்ணைப் பத்து வயதில் "குதிக்காதே" என்று நிறுத்திவிடுகிறோம். பதின்மூன்று வயதில் வாலிபால் கொடுத்து "இன்னும் மேலே ஏறு" என்கிறோம். மேலே போக ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்த ஒருவரும் கீழே வரச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் பிரிவில் உதவியாளராக இருந்த ஆரோக்கியமேரியிடம் இதைப் புலம்பிக்கொண்டிருந்தேன். மேரியக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் உண்டு. "முட்டி எங்கிருக்குன்னு தெரியணும், அவ்வளவுதானுங்களே?" என்றார். மறுநாள் மகளுடைய சிவப்பு ரிப்பன் இரண்டைக் கொண்டுவந்தார். பேன்ட்டுக்கு மேலேயே, முட்டிச் சில்லுக்குச் சரியாகக் கீழே, துணியை இறுக்கிப் பிடித்துப் பூ முடிச்சு முன்பக்கம் வரும்படி கட்டினார். அன்றைக்கு வந்திருந்த ஒரு பெண்ணை முழங்கால் உயரப் பெஞ்சிலிருந்து இறங்கச் சொன்னோம். நிற்கும்போது ஒரு சாண் தள்ளியிருந்த இரண்டு ரிப்பனும் இறங்கிய நொடியில் ஒன்றையொன்று தொட்டுவிட்டு விலகின. மூன்று பெண்களை இறக்கிப் பார்த்தோம். மூன்று பேருக்கும் ரிப்பன் ஒட்டியது. முட்டி அப்படி உள்பக்கம் சாயும்போதுதான் ஜவ்வுக்கு ஆபத்து.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தார். நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு டைல்ஸ் தரையில் குப்புறப் படுத்து, மோவாயைக் கைமேல் வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா எறங்குங்க அம்மணி" என்றார். ஐந்து தடவை பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "இத்தனை வருசமா கிழிஞ்ச ஜவ்வை மாத்தி மாத்திப் போட்டுட்டிருக்கேனுங்க. எறங்கறதை ஒரு நாளும் பாக்கல" என்றார். அன்றிலிருந்து சோதனைத் தாளில் ஒரு வரி கூடியது. பத்து தடவை இறங்கினால் ஒரு தடவைகூட ரிப்பன் ஒட்டக் கூடாது. ஒட்டினால் என் கையெழுத்து இல்லை, என் கையெழுத்து இல்லாமல் அவர் எழுத மாட்டார்.

இதற்குள் எனக்கு ஒன்று நினைவு வந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கல்பனாவுக்குப் பயிற்சி கொடுத்த கூடத்தில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். கொஞ்சம் தள்ளி நான்கைந்து பையன்கள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார்கள். கல்பனா சுவரில் சாய்ந்து, முட்டியை அகட்டி, உட்கார்ந்து எழுந்தபோது நான்தான் அவள் காதருகே போய், "காலைச் சேத்து வெச்சுக்க கண்ணு, ஆளுக இருக்காங்க" என்று சொன்னேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு மாதமும் சொன்னேன். பாடத்தில் தோள் அகலம் கால் வைக்க வேண்டும் என்று படித்தவள், ஊரில் கற்றதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் ஜவ்வு அறுந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

தர்ஷினி வந்தது அடுத்த வருஷம். பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு கிராமம். அப்பா பழனிச்சாமி தேங்காய் லோடு டெம்போ ஓட்டுகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது வாலிபாலில் வலது முட்டி போய், பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்தார். பத்து மாதம் கழித்து, கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் விளையாட்டுப் பிரிவுத் தேர்வு. தேறினால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஆபரேஷன் ஆன பெண் என்பதால் எங்கள் ஆஸ்பத்திரித் தாள் இல்லாமல் மைதானத்தில் இறக்க மாட்டார்கள். "இது போச்சுன்னா மாமன் ஊட்டுல கல்யாணப் பேச்செடுத்துருவாங்க மேடம்" என்று தர்ஷினி என்னிடம் சொன்னாள். அழாமல், நேரம் சொல்வது போல்தான் சொன்னாள்.

தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது சோதனை. தொடை அளவு சரி. தாண்டும் தூரம் சரி. ரிப்பன் கட்டிப் பெஞ்சிலிருந்து இறக்கினேன். பத்துக்கு எட்டு தடவை ஒட்டியது.

"கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றேன்.

பழனிச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "நடக்குது, ஓடுது, குதிக்குது. இதுக்கு மேல என்னங்கம்மா வேணும்? ஒரு ரிப்பன் தொட்டா என்ன, தொடாட்டி என்னங்க?" என்று நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பெரிய டாக்டர் எழுந்து நின்று அவருக்கு நாற்காலி காட்டினார். எல்லாவற்றையும் கேட்டார். "நான் அறுத்துத் தைக்கறவனுங்க. எறங்கறதைப் பாக்கறவங்க அவங்க. அவங்க கையெழுத்துக்கு மேல நான் எழுதுனா, புள்ள இன்னொரு கால்ல என் ஆபரேஷன் டேபிளுக்கே வருமுங்க" என்றார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நாங்கள் இருவரும் கல்பனாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பழனிச்சாமி டெம்போவை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, தினமும் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். காலையில் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் கூடத்தில் இருப்பார்கள். சுவரோரம் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். நான் பெஞ்சை எடுத்துவிட்டு ஒரு செங்கல் உயரப் பலகையிலிருந்து ஆரம்பித்தேன். பாதம் தோள் அகலம். முன்பாதம் முதலில், குதிகால் பிறகு. பின்பக்கத்தை நாற்காலியில் உட்காரப் போவதுபோல் தள்ள வேண்டும். முட்டி, காலின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. இடுப்புப் பக்கத் தசைக்குத் தனிப் பயிற்சி கொடுத்தேன். தர்ஷினி கெட்டிக்காரி, சொன்னதையெல்லாம் செய்தாள். ரிப்பன் மட்டும் ஒட்டியது. பத்து நாள் போய்விட்டது. எனக்கு எரிச்சல் வந்து ஒரு நாள் அவளைச் சத்தமும் போட்டுவிட்டேன்.

பதினோராவது நாள் பதினொரு மணிக்கு ரிப்பன் ஒட்டவில்லை. தொடர்ந்து ஆறு தடவை ஒட்டவில்லை! நானும் மேரியக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏழாவது தடவை மறுபடி ஒட்டியது. எட்டாவதும் ஒட்டியது. என்ன மாறியது என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. டீ குடிக்க வெளியே போயிருந்த பழனிச்சாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

மறுநாள் நானே அவரை மருந்து வாங்க அனுப்பினேன். ரிப்பன் ஒட்டவில்லை. வந்தார், ஒட்டியது.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டால் பயிற்சி முடிந்துவிடும், கையெழுத்தும் போட்டுவிடலாம். ஆனால் தேர்வு மைதானத்தில் சுற்றிலும் ஆண்கள்தானே இருப்பார்கள்? அப்பா இருப்பார். அங்கே இவள் முட்டி யார் பேச்சைக் கேட்கும்?

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை. பழனிச்சாமி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

அவர் உள்ளே இருக்கும்போது மட்டும்தான் ரிப்பன் ஒட்டுகிறது என்று சொன்னேன். அவர் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டார். "நான் ஒண்ணும் சொல்லலீங்களேம்மா. சும்மா உக்காந்துதானுங்க இருந்தேன்."

"அதுதானுங்க."

கடைக்காரரிடம் காசைக் கொடுத்தார். "பத்து வயசுல சொன்னதுங்க. பஸ்ஸுல உக்காரறப்ப, கோயில்ல உக்காரறப்ப, காலைச் சேத்து உக்காரு அம்மணின்னு. எல்லா ஊட்டுலயும் சொல்றதுதானுங்களே?"

"நானும் சொல்லியிருக்கேனுங்க" என்றேன். "இதே ஆஸ்பத்திரியில, படிச்சுப்போட்டு வந்து, இன்னொரு ஊட்டுப் புள்ளகிட்ட எட்டு மாசம் சொன்னேன். அது நல்லா இருந்த காலையும் ஒடைச்சுட்டு நின்னுச்சு." அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஊரிலிருந்து வந்த ஒரு டெம்போ டிரைவரிடம் டீக்கடையில் நின்று சொன்னேன்.

அவர் உள்ளே நடந்தார். அன்றைக்குக் கூடத்தில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள், இரண்டு பேர் சைக்கிளில். நேராகப் பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

"அம்மணி."

"என்னங்கப்பா?"

"காலை அகட்டி எறங்கு கண்ணு."

தர்ஷினி தரையைப் பார்த்தாள். "ஆளுக இருக்காங்கப்பா" என்றாள் மெதுவாக.

"இருக்கட்டும். ஆளுகளா உனக்கு முட்டி தரப்போறாங்க? நாந்தான சொன்னேன் அன்னிக்கு? இன்னிக்கும் நாந்தான் சொல்றேன். அகட்டி எறங்கு."

சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். மேரியக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தர்ஷினி இறங்கினாள். ஒட்டியது. மறுபடி ஏறினாள். ஒட்டியது. பழனிச்சாமி நகரவில்லை. மூன்றாவது தடவை இரண்டு ரிப்பனும் அதனதன் இடத்தில் நின்றன.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எட்டு வருஷப் பழக்கம் எட்டு நாளில் போகாது. செங்கல் உயரத்திலிருந்து பெஞ்சுக்கு, பெஞ்சிலிருந்து பந்தோடு, பிறகு பந்தோடு குதிக்கும்போதே ஒருவர் தோளில் இடிக்க என்று ஏற்றிக்கொண்டே போனோம். கடைசி இரண்டு நாளில்தான் பத்துக்குப் பத்தும் ஒட்டாமல் வந்தது. கையெழுத்துப் போட்டேன். பெரிய டாக்டர் இன்னொரு தடவை தரையில் படுத்துப் பார்த்துவிட்டு "ஆடலாம்" எழுதினார்.

தேர்வுக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பழனிச்சாமி பக்கத்தில் கல் படிக்கட்டில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் நான் பந்தையே பார்க்கவில்லை. தர்ஷினி எழும்பும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தேன், இறங்கியதும் விட்டேன். கடைசி ஆட்டத்தில் ஒரு பந்து மிகவும் பின்னால் தூக்கப்பட்டது. அதை விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. உடம்பு பின்பக்கம் சாய எழும்பி அடித்தாள். முதல் தடவை ஜவ்வு அறுந்ததும் இதே மாதிரிப் பந்தில்தான் என்று எனக்கு அவளே சொல்லியிருந்தாள். பழனிச்சாமியும் அதை அறிந்தவர். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வலித்தது.

அவள் இறங்கினாள். கால் அகன்று, முட்டி நன்றாக மடங்கி, இடுப்பு கீழே போய், ஒரு கை தரையைத் தொட்டது. அப்படியே எழுந்து அடுத்த பந்துக்குத் தயாராக நின்றாள். மைதானத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க அங்கே என்ன இருந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. என் முப்பத்திரண்டு வருஷ வேலையில் நான் பார்த்த மிக நல்ல காட்சி அதுதான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், பழனிச்சாமி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சாயங்காலம் பட்டியலில் தர்ஷினி பெயர் இருந்தது. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டேன். மூன்று பேர் சீட்டில் அப்பாவும் மகளும். தர்ஷினி வழக்கம்போல் காலைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பழனிச்சாமி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து, "நல்லா தாராளமா உக்காரு சாமி" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வாரமே மேட்டுப்பாளையம் போனேன். கல்பனாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் நன்றாக முடிந்து, உடற்கல்விப் படிப்பில் சேர்ந்திருந்தாள். ஆட்டம் போய்விட்டது, ஆட்டத்தை விட மனசில்லை. நான் எட்டு மாதம் காதருகே சொன்னதை அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு முன்னாடியே எங்கம்மா சொல்லியாச்சுங்க மேடம், எங்க மிஸ்ஸும் சொல்லியாச்சு. நீங்க மூணாவது ஆளு" என்றாள். பிறகு, "அந்த ரிப்பனை எப்படிக் கட்டறதுன்னு காட்டுங்க" என்று இரண்டு காலையும் நீட்டினாள்.

இன்றைக்கு அவள் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினாள். காலை நேர மைதானம். சிமெண்ட் மேடைமேல் வரிசையாக நாற்பது ஐம்பது பெண்கள், எல்லோர் முட்டியிலும் சிவப்பு ரிப்பன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும் ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்பனாவின் குரல் கேட்கிறது: "ஆரு பாத்தா என்ன கண்ணுகளா, அகட்டி எறங்குங்க!" விசில் ஊதுகிறாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு காதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். விசில் சத்தம் அடங்கியது. எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அத்தனை பெண்களும் இறங்கிவிட்டார்களா என்று சந்தேகம் வந்து கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் இறங்கி நின்றிருந்தார்கள்.